ரெயின்கோட்டுக்குப் பேர் கொடுத்த மெக்கின்டாஷ்: 200 வருஷம் ஆகியும் தையல் வழியே தண்ணீர் வருவது ஏன்?

ஐப்பசி பிறந்துவிட்டால் தாம்பரத்தில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். ஜி.எஸ்.டி. சாலையில் மழை வலுத்ததும் பைக்குகள் எல்லாம் இரும்புலியூர் பாலத்துக்கு அடியில் ஒதுங்கும். சீட்டைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த ரெயின்கோட்டை உதறி, ஒற்றைக் காலில் நொண்டியபடி பேன்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். மறைமலைநகரோ, சிறுசேரியோ, ஆபீஸ் போய்ச் சேரும்போது சட்டை தப்பித்திருக்கும். பேன்ட் மட்டும் தொடை இடுக்கில் நனைந்திருக்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று நான் போன வருஷம் ஒன் பீஸ் ரெயின் சூட் வாங்கினேன். மேல் கோட்டும் பேன்ட்டும் ஒன்றாகத் தைத்த உடுப்பு. நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப் என்று கடையில் சொன்னார்கள். தாம்பரத்தில் கிளம்பி மேடவாக்கம் வருவதற்குள் உட்காரும் இடம் ஈரம். வீட்டுக்கு வந்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் துணியில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் வந்தது தையல் ஊசி போட்ட ஓட்டைகள் வழியாக.

இதே ஓட்டைகளோடு 200 வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் மல்லுக்கட்டியிருக்கிறார். ரெயின்கோட்டுக்கு இன்றும் பிரிட்டனில் அவர் பேர்தான். சார்லஸ் மெக்கின்டாஷ். (ஆப்பிள் கம்ப்யூட்டருக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. அது ஒரு ஆப்பிள் பழ வகையின் பேர்.)

யார் இந்த மெக்கின்டாஷ்?

1766 டிசம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தார். மழைக்குப் பேர் போன ஊர் அது. ஆனால் அவர் மழையைப் பற்றி யோசித்து இந்தத் துறைக்கு வரவில்லை. வந்தது சாயத்தொழில் வழியாக.

அப்பா ஜார்ஜ் மெக்கின்டாஷ் சாயப் பட்டறை முதலாளி. பாறைகளில் படரும் ஒரு வகைப் பாசியிலிருந்து ஊதா கலந்த சிவப்புச் சாயம் எடுப்பார். அதற்கு அமோனியா வேண்டும். அந்தக் காலத்தில் அமோனியா சுலபமாகக் கிடைத்த இடம் மனித மூத்திரம்தான். ஊர் வீடுகளிலிருந்து பீப்பாய் பீப்பாயாகச் சேகரித்துக் கொண்டுவருவார்கள். தொழில் ரகசியம் வெளியே போகக்கூடாது என்று பட்டறையைச் சுற்றி உயரமான மதில் எழுப்பியிருந்தார் அப்பா.

மகனை முதலில் ஒரு அலுவலகத்தில் கிளார்க் வேலைக்கு அனுப்பினார்கள். அவருக்கோ மனசெல்லாம் வேதியியலில். எடின்பரோவில் ஜோசப் பிளாக் என்ற பெரிய விஞ்ஞானியின் வகுப்புகளைக் கேட்டார். 20 வயசுக்குள்ளேயே கிளார்க் வேலையை உதறிவிட்டு ரசாயனப் பொருள் தயாரிப்பில் இறங்கிவிட்டார். 1797-ல் ஸ்காட்லாந்தின் முதல் படிகாரத் தொழிற்சாலை. அடுத்த இரண்டு வருஷத்தில் சார்லஸ் டென்னன்ட்டோடு சேர்ந்து பிளீச்சிங் பவுடர். நம் தெருக்களில் வெள்ளம் வடிந்ததும் மாநகராட்சி ஊழியர்கள் தூவிப் போகிறார்களே, அதேதான். அதன் காப்புரிமை டென்னன்ட் பேரில் இருக்கிறது. அதில் மெக்கின்டாஷுக்கு எவ்வளவு பங்கு என்பது இன்று வரை பேசப்படும் விஷயம்.

கழிவிலிருந்து வந்த கோட்

1819 வாக்கில் கிளாஸ்கோ தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவில் எரியத் தொடங்கியிருந்தன. வாயு எடுத்த பிறகு மிஞ்சுவது நாற்றமடிக்கும் தாரும் அமோனியா கலந்த தண்ணீரும். கம்பெனிக்கு அதை எங்கே கொட்டுவது என்பதே தலைவலி. மெக்கின்டாஷ் போய் மொத்தக் கழிவையும் தானே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டார். சாயப் பட்டறைக்கு இனி மூத்திர பீப்பாய் வேண்டாம் என்பதுதான் அவர் கணக்கு.

அமோனியாவை எடுத்தாயிற்று. தாரை என்ன செய்வது? அதைக் காய்ச்சி வடித்தால் நாஃப்தா என்ற எண்ணெய் கிடைத்தது. அதில் ரப்பர் கரையும்.

ரப்பர் பூசிய துணி என்பது புதுசு இல்லை. அமேசான் காட்டு மக்கள் மரப்பாலைத் துணியில் தடவி மழைக்குப் பயன்படுத்தியதை ஐரோப்பியர்கள் 18-ம் நூற்றாண்டிலேயே பார்த்திருந்தார்கள். ஆனால் மரத்திலிருந்து வடியும் பால் கப்பலில் வரும்போது கட்டியாகிவிடும். கட்டியை மறுபடி மலிவாகக் கரைக்க வழி தெரியாமல்தான் எல்லோரும் நின்றிருந்தார்கள்.

நாஃப்தாவில் கரைத்த ரப்பர் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். அதைப் பூசிய துணியை யார் உடுத்துவார்? மெக்கின்டாஷின் பதில் ரொம்ப எளிமையானது. ரப்பரை வெளியே பூசாமல் இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, அழுத்தி ஒட்டிவிட்டார். சாண்ட்விச் மாதிரி. ஒட்டும் பகுதி உள்ளேயே அடைபட்டுவிடும், உடம்பில் படுவது வெறும் துணிதான். 1823-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதே வருஷம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

இங்கே ஒருவரைச் சொல்லாமல் போனால் தப்பு. தாரிலிருந்து வரும் எண்ணெயில் ரப்பர் கரையும் என்று முதலில் கண்டுபிடித்து எழுதியவர் ஜேம்ஸ் சைம் என்ற எடின்பரோ மாணவர். வருஷம் 1818, அவருக்கு வயசு 18 இருக்கும். காப்புரிமைக்கு அவர் போகவில்லை, மருத்துவம் படிக்கப் போய்விட்டார். பின்னாளில் புகழ்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஆனார். ஆபரேஷனில் கிருமிநாசினியைப் புகுத்திய ஜோசப் லிஸ்டர் அவருடைய மருமகன். 1836-ல் மெக்கின்டாஷ் தன் துணியைக் காப்பியடித்த ஒரு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டபோது, இதில் புதுசு என்ன இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. தீர்ப்பு மெக்கின்டாஷுக்குச் சாதகமாக வந்தது. கரையும் என்று கண்டது ஒருவர், அதை உடுத்தும் துணியாக்கியது இன்னொருவர் என்று பிரித்துப் பார்ப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

துணி ஜெயித்தது, கோட் தோற்றது

மான்செஸ்டரில் பர்லி சகோதரர்களின் பணத்தோடு 1824-ல் தொழிற்சாலை தொடங்கினார்கள். (இந்த பர்லிகளில் ஒருவர், 1819-ல் மான்செஸ்டரில் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய மக்கள் மேல் பாய்ந்த குதிரைப்படையில் தளபதியாக இருந்தவர். அந்தச் சம்பவத்துக்குப் பீட்டர்லூ படுகொலை என்று பேர்.) ஆர்க்டிக் பகுதிக்குப் புறப்பட்ட ஜான் ஃபிராங்க்ளின் குழுவும் இந்தத் துணியை எடுத்துப் போனது.

பிரச்சினை தையற்காரர் கடையில் ஆரம்பித்தது. மெக்கின்டாஷ் விற்றது துணியை மட்டும்தான். தையற்காரர்கள் மற்ற துணியைப் போலவே அதையும் வெட்டி ஊசி போட்டுத் தைத்தார்கள். ஒவ்வொரு குத்தும் ரப்பர் அடுக்கைத் துளைத்தது. மழையில் நனைந்தவர்கள் திட்டியது தையற்காரரை அல்ல, மெக்கின்டாஷை. கடைசியில் கம்பெனியே கோட்டுகளைத் தைத்து, தையல்களின் மேல் ரப்பர் பூசி அடைத்து விற்க வேண்டியதாயிற்று.

அது ஒன்றா இரண்டா? குளிரில் கோட் பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும். வெயிலில் இளகி ஒட்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் நிறுத்திய பைக் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் மேலே. கம்பளித் துணியில் பூசினால் அதன் எண்ணெய்ப் பசை ரப்பரை அரித்தது. நாற்றம் வேறு. வியர்வை வெளியே போக வழியில்லாததால் உடம்புக்குக் கெடுதல் என்று மருத்துவர்களும் முகம் சுளித்தார்கள்.

விறைப்பையும் இளகலையும் தீர்க்க வழி, ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்குவது. அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-ல் இதைக் கண்டார். இங்கிலாந்தில் மெக்கின்டாஷின் சொந்தக் கூட்டாளியான தாமஸ் ஹான்காக், குட்இயர் பக்கமிருந்து வந்த மாதிரித் துண்டுகளைப் பார்த்துவிட்டுத் தானும் முயன்று 1843 நவம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மெக்கின்டாஷ் அந்த வருஷம் ஜூலை 25-ம் தேதியே இறந்துவிட்டார். நாலு மாசம். இளகாத, விறைக்காத மெக்கின்டாஷ் கோட்டை மெக்கின்டாஷ் உடுத்தவே இல்லை.

அவர் கம்பெனியை 1920-களில் டன்லப் வாங்கியது. நம் அம்பத்தூரில் டயர் தொழிற்சாலை வைத்திருந்த அதே டன்லப் பேர்தான். கிட்டத்தட்ட அதே காலத்தில், 1920-ல், சுதேசி உணர்வோடு கல்கத்தாவில் சுரேந்திர மோகன் போஸ் தொடங்கிய பெங்கால் வாட்டர்ப்ரூஃப் நிறுவனம், டக்பேக் என்ற பேரில் இந்திய மழைக்கு இந்திய ரெயின்கோட்டைக் கொண்டுவந்தது. வாத்து முதுகில் தண்ணீர் நிற்காது என்பதுதான் அந்தப் பேருக்குக் காரணம்.

சரி, தாம்பரத்தில் எதைப் பார்த்து வாங்குவது?

லேபிளில் 5,000 மி.மீ., 10,000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். துணி மேல் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் அது தாங்கும் என்று அர்த்தம். கவனியுங்கள், அது துணிக்கான எண். தையலுக்கு இல்லை. மெக்கின்டாஷ் மாட்டிக்கொண்ட அதே இடம்தான். அதனால் கடையில் சூட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு தையலின் மேலும் விரல் அகலத்துக்கு ஒரு டேப் சூடாக்கி ஒட்டியிருக்க வேண்டும். முக்கியமாக நாலு தையலும் கூடுகிற கவட்டை இடத்தில். பைக்கில் உட்காரும்போது டேங்க்கில் வழியும் தண்ணீர் வந்து தேங்குவது அங்கேதான், உடம்பு எடையில் அழுத்தம் ஏறுவதும் அங்கேதான்.

ஒன் பீஸ் சூட்டில் இடுப்பில் கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் நடுவே இடைவெளி இல்லை. அதுதான் அதன் பெரிய லாபம். ஆனால் ஜிப் நீளம். ஜிப்புக்குப் பின்னால் இன்னொரு துணி மடிப்பு இல்லாவிட்டால் எதிர்காற்று மழையை நேராக உள்ளே தள்ளும். ஷூவோடு கால் நுழைகிற அளவுக்குக் கீழ்ப்பகுதி திறக்கிறதா என்பதையும் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

வியர்வை விஷயத்தில் ஒரு சமரசம் இருக்கிறது. பி.வி.சி. அல்லது ரப்பர் பூச்சு, தையல் சரியாக இருந்தால், தண்ணீரை முழுசாக நிறுத்தும். வியர்வையையும் நிறுத்தும். 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் கண்டுபிடித்த கோர்டெக்ஸ் மாதிரியான சவ்வுகள் நீராவியை வெளியே விட்டு, மழைத்துளியைத் தடுக்கும். விலை பல மடங்கு. தவிர, அந்தச் சவ்வு வேலை செய்ய வெளிக்காற்று கொஞ்சம் உலர்வாக இருக்க வேண்டும். கார்த்திகை மாசச் சென்னையில் அது கஷ்டம். குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் போகிற அரை மணி நேரப் பயணத்துக்கு, டேப் ஒட்டிய சாதாரணப் பூச்சுத் துணியே போதும் என்பது என் கருத்து. தினமும் ஒன்றரை மணி நேரம் ஓட்டுகிறவர் யோசிக்கலாம்.

2015 டிசம்பர் 1, 2-ல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் கொட்டிய 49 செ.மீ. மழைக்கு எந்த சூட்டும் பதில் இல்லை. அன்றைக்கு வண்டியை எடுக்காமல் இருப்பதுதான் சரி. மற்ற நாளுக்கு, வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்துவிடுங்கள். வெளிர் சாம்பல் நிற காட்டன் பேன்ட் மேல் சூட்டைப் போட்டுக்கொண்டு, பாத்ரூமில் ஷவருக்குக் கீழே ஸ்டூல் போட்டுப் பத்து நிமிஷம் உட்காருங்கள். நிற்கக் கூடாது, நின்றால் கசிவு தெரியாது. எழுந்து சூட்டைக் கழற்றியதும் பேன்ட்டில் கறுத்த இடம் தெரிந்தால், பில்லோடு மறுநாளே கடைக்குப் போய்விடலாம்.