வேடம் கட்டிய பாடகர்

ஜாசின் ஆகட்டும், அலோர் காஜா ஆகட்டும், எங்கள் மலாக்காவில் பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்து கோப்பையைத் தூக்கும் வேளையில் ஒலிபெருக்கியில் அடிக்கடி கேட்கும் பாட்டு ஒன்று உண்டு. 1977இல் வெளிவந்த ‘வி ஆர் தி சாம்பியன்ஸ்’தான் அது. ராக் இசை என்றாலே முகம் சுளிக்கும் நம் பெரியவர்கள்கூட இதற்குத் தலையாட்டுவார்கள். பாடியவர் இந்திய வம்சாவளியினர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஃபிரெடி மெர்குரியின் இயற்பெயர் ஃபாரோக் புல்சாரா. 1946 செப்டம்பர் 5ஆம் நாள் சான்சிபார் தீவில் பார்சி குடும்பமொன்றில் பிறந்தார். எட்டு வயதில் அவரைக் கப்பலேற்றி மகாராஷ்டிர மலையூரான பஞ்ச்கனியின் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பியானோ, ‘தி ஹெக்டிக்ஸ்’ என்ற மாணவர் இசைக்குழு, துருத்திய பல்லுக்காகக் கேலி எல்லாம் அங்கேதான். ஃபாரோக் ஃபிரெடியானதும் அங்கேதான். (தமிழ்ப்பள்ளியில் முழுப்பெயரோடு இருந்துவிட்டுத் தேசியப் பள்ளியில் பாதிப்பெயரான நமக்கு இது புதிதில்லை.) 1964இல் சான்சிபார் புரட்சி வெடிக்க, குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடியது. ஓவியக் கல்லூரியில் படித்தார், ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார். 1970இல் பிரையன் மே, ரோஜர் டெய்லர் ஆகியோருடன் ‘குவீன்’ குழு பிறந்தது.

1973இல் முதல் இசைத்தட்டு வந்ததிலிருந்தே இங்கிலாந்துப் பத்திரிகைகளுக்கு இவர்களைக் கண்டால் ஆகவில்லை. கனமான கிதாரில் லெட் செப்லினைக் காப்பியடிக்கிறார்கள், மினுமினுக்கும் உடையில் டேவிட் போவிக்குப் பின்னால் காலந்தாழ்ந்து வருகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 1975இல் ஏறக்குறைய ஆறு நிமிடம் ஓடும் ‘பொஹீமியன் ராப்சடி’ வந்தது. வானொலிக்கு இது நீளம் என்றார்கள். ஆனால் அது ஒன்பது வாரம் இங்கிலாந்தில் முதலிடத்தில் இருந்தது. அப்படியும் ஏச்சு ஓயவில்லை. 1977இல் ஓர் இசை வார இதழ் இந்த மனிதர் மடையரா என்று கேட்டே தலைப்புப் போட்டது. ‘ஜாஸ்’ தொகுப்புக்கு 1979இல் விமர்சனம் எழுதிய அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ், குழுவைப் பாசிசத்தோடு சேர்த்துப் பேசியது.

விமர்சகர்கள் சொன்னதெல்லாம் பொறாமை என்று நான் சொல்ல மாட்டேன். 1982இன் ‘ஹாட் ஸ்பேஸ்’ தொகுப்பை என்னால் இரண்டாம் முறை கேட்க முடியவில்லை. ஆனால் அவர்களுடைய அளவுகோலில் ஒரு கோளாறு இருந்தது. ராக் பாடகர் என்றால் வேடமில்லாமல் நெஞ்சைத் திறந்து கத்தவேண்டும், நாடகத்தனம் என்றால் பொய் என்று எண்ணினார்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் முகப்பூச்சும் சரிகையுமாய் ராஜா வேடம் கட்டியவர் அழுதால் நாமும் அழுவோம். அவரைப் பொய்யர் என்று யாரும் சொன்னதில்லை. ஃபிரெடியும் வேடம் கட்டித்தான் உண்மையைப் பாடினார் என்பது என் கருத்து.

1985 ஜூலை 13இல் வெம்ப்ளி அரங்கில் நடந்த ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியில் சுமார் 72,000 பேர் முன்னால் ஏறக்குறைய இருபது நிமிடம் பாடினார். அதற்குப் பிறகு ஏசியவர்களின் குரல் அடங்கிப்போனது. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழே 2008இல் வெளியிட்ட சிறந்த நூறு பாடகர் பட்டியலில் அவருக்குப் 18ஆம் இடம் தந்தது.

அதைப் பார்க்க அவர் இல்லை. எய்ட்ஸ் நோயோடு போராடியபடியே 1991இல் ‘இன்யுவெண்டோ’ தொகுப்பை வெளியிட்டார். வீட்டு வாசலில் பத்திரிகைக்காரர்கள் புகைப்படக் கருவியோடு காத்துக் கிடந்தார்கள். நவம்பர் 23ஆம் நாள் நோயை அறிவித்தார், மறுநாள் இறந்தார். வயது 45. அடுத்த ஏப்ரலில் அதே வெம்ப்ளியில் மெட்டாலிகா, கன்ஸ் என் ரோசஸ், டெஃப் லெப்பர்ட் போன்ற குழுக்கள் அவருக்காக மேடையேறின. 2018இல் வந்த அவரது வாழ்க்கைப் படத்தை நம் நாட்டுத் தணிக்கை வாரியம் வெட்டித்தான் திரையிட விட்டது.

பிறந்த மரபைப் பற்றி அவர் வெளியில் அதிகம் பேசியதில்லை. ஆனால் இறுதிச் சடங்கை நடத்தியவர்கள் சரதுஷ்டிர சமயக் குருமார்கள். பெற்றோர் இருவரும் உடனிருந்தார்கள்.