போர்முனைக்கு எக்ஸ்ரே வேன் ஓட்டிய மேரி கியூரி

முதுகுவலி, மூட்டுவலி என்று போனால், ஸ்கிரீனில் படம் பார்த்தபடியே டாக்டர் ஊசி போடும் காலம் இது. 1914-இல் நிலைமை வேறு. குண்டுத் துணுக்கு உடம்புக்குள் எங்கே இருக்கிறதென்று தெரியாமலே சர்ஜன்கள் கத்தி வைத்தார்கள்.

வார்சாவில் பிறந்து, பிரான்ஸில் இரண்டு நோபல் வாங்கிவிட்ட மேரி கியூரி, எக்ஸ்ரே கருவியை வேனில் ஏற்றினார். கரன்ட்டுக்கு டைனமோ. உடற்கூறியல் படித்தார், டிரைவிங்கும் கற்றார். 17 வயது மகள் ஐரீனையும் கூட்டிக்கொண்டு போர்முனைக்கே போனார். சுமார் 150 பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். கதிர்வீச்சிலிருந்து பாதுகாப்பு? பேருக்குத்தான்.

1934-இல் ரத்தசோகையின் கொடிய வகையான அப்லாஸ்டிக் அனீமியாவில் இறந்தார். பழி ரேடியத்தின் மேல் விழுந்தது. 1995-இல் கல்லறையைத் திறந்து சோதித்தவர்களின் சந்தேகமோ, அந்தப் போர்க்கால எக்ஸ்ரே மேல்தான்.