சைக்கிள் வித்தைக்கார 'மேஜர்'

கையை விட்டு சைக்கிள் ஓட்டிப் பார்க்க ஆசையா குட்டீஸ்? இப்படி சைக்கிள் வித்தைகளில் ஆரம்பித்து, உலக சாம்பியன் ஆனவர் மார்ஷல் டெய்லர்.

அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில், 1878-ல் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா, பணக்காரர் வீட்டில் கோச்சு வண்டி ஓட்டியவர். அந்த வீட்டார் தந்த சைக்கிளில் மார்ஷல் தானாகவே பல வித்தைகள் பழகினார். அதைப் பார்த்து அசந்துபோன சைக்கிள் கடைக்காரர்கள், அவரை வேலைக்குச் சேர்த்துக் கொண்டனர். ராணுவ உடை அணிந்து கடை வாசலில் தினமும் வித்தை காட்டுவார். அதனால் 'மேஜர்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறகு பந்தயங்களில் இறங்கினார். கறுப்பர் என்பதால், சொந்த ஊர் பந்தயத் திடலிலேயே அவருக்குத் தடை! வூஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தார். பந்தயங்களில் சக வீரர்கள் இடித்தனர், தள்ளினர். 1897-ல் ஒருவர் அவரது கழுத்தையே நெரித்தார். மயங்கி விழுந்த மேஜர், மறுபடி சைக்கிள் ஏறினார். 1899-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில், ஒரு மைல் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனார்!

கடைசிக் காலத்தில் வறுமையில் வாடி, 1932-ல் சிகாகோவில் இறந்தார். தடை விதித்த அதே இண்டியானாபோலிஸில், 1982-ல் திறக்கப்பட்ட சைக்கிள் பந்தயத் திடலுக்கு என்ன பெயர் தெரியுமா? மேஜர் டெய்லர்!