படித்துத் திரும்பியவருக்கு ஒரு கூரை இல்லை: அம்பேத்கரின் 1917

அயல்நாட்டில் உயர்கல்வி முடித்துத் தாயகம் திரும்பிய இந்தியத் தலைவர்களின் வரலாறுகளில் துறைமுக வரவேற்பும் மாலை மரியாதையும் தவறாமல் இடம்பெறும். அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றில் அந்தத் திரும்புதலை அவ்வாறு ஒரு பத்தியில் கடந்துவிட முடியாது. 1917 ஆகஸ்டில் பம்பாயில் வந்திறங்கிய 26 வயது இளைஞர் அடுத்த சில வாரங்களில் பட்ட அனுபவங்களே அவருடைய பிற்காலப் பணிகள் பலவற்றுக்கு அடித்தளமாயின. கல்வி சாதியைக் கரைத்துவிடும் என்ற நம்பிக்கை இன்றும் நம்மிடையே உலவுகிறது. அந்த நம்பிக்கையின் எல்லையை அறிய விரும்புவோர் அவர் திரும்பி வந்த கதையைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

அவர் புறப்பட்டது 1913இல். அதே ஆண்டு பிப்ரவரியில் தந்தை ராம்ஜி சக்பால் மறைந்திருந்தார். பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையே அவரை நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியது. கல்வி முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். கொலம்பியாவில் 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916 மே மாதத்தில் இந்தியச் சாதிகளின் தோற்றத்தையும் இயக்கத்தையும் விளக்கும் ஆய்வுரையை மானுடவியல் கருத்தரங்கொன்றில் படித்தார். முனைவர் பட்டத்திற்கான ஆய்வேட்டையும் அளித்துவிட்டு, அதே ஆண்டில் இலண்டன் சென்று பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். இத்தனைக்கும் எடுத்துக்கொண்ட காலம் மூன்றே ஆண்டுகள்.

அந்த ஆண்டுகளில் அவர் கற்றவை பாடநூல்களுக்குள் அடங்குபவை அல்ல. பல்கலைக்கழக விடுதியில் அவருக்கு அறை கிடைத்தது. பிறருடன் ஒரே மேசையில் உணவு கிடைத்தது. நவல் பதேனா என்ற பார்சி மாணவர் உற்ற நண்பரானார். நூலகத்தின் எந்த அலமாரியில் கை வைக்கவும் எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. சதாராவில் படித்தபோது வகுப்பறைக்குத் தனிச் சாக்கு கொண்டுசென்று அமர்ந்தவர். பள்ளிப் பணியாளர் குழாயைத் திறந்துவிட்டால் மட்டுமே தண்ணீர் குடிக்க முடிந்தவர். அப்படிப்பட்ட ஒருவருக்குத் தாம் தீண்டத்தகாதவர் என்ற உணர்வே அயல்நாட்டு வாழ்க்கையில் மறைந்துபோயிற்று என்பதை அவருடைய தன்வரலாற்றுக் குறிப்புகளிலிருந்து அறிகிறோம்.

1917 கோடையில் உதவித்தொகைக் காலம் முடிந்தது. இலண்டன் படிப்பு பாதியில் நின்றது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து அதைத் தொடரலாம் என்ற அனுமதியை மட்டும் பெற்றுக்கொண்டு அவர் புறப்பட்டார். முதல் உலகப் போரின் கடுமையான காலம் அது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களையும் பயணிகள் கப்பல்களையும் எச்சரிக்கையின்றித் தாக்கிக்கொண்டிருந்தன. அம்பேத்கர் இரயிலில் பிரான்சைக் கடந்து மார்செய் துறைமுகத்தில் கைசர்-ஈ-ஹிந்த் கப்பலில் ஏறினார். அவருடைய உடைமைகளும் நூல்களும் வேறொரு கப்பலில் அனுப்பப்பட்டிருந்தன. அந்தக் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. கப்பல் மூழ்கிய செய்தி வந்தபோது பம்பாயில் இருந்த குடும்பத்தினர் கலங்கினர். அவர் வேறு கப்பலில் வருகிறார் என்பது உறுதியான பின்னரே அவர்களுக்கு மூச்சு வந்தது.

ஆகஸ்ட் 21 அன்று அவர் பம்பாய் சேர்ந்தார். பசியைப் பொறுத்து, சிறுகச் சிறுக மிச்சம் பிடித்துத் திரட்டிய நூல்கள் கடலுக்கடியில் கிடந்தன. இழந்த உடைமைக்குக் கிடைத்த இழப்பீட்டில் ஒரு பகுதியை வறுமையில் குடும்பத்தைக் காத்து வந்த ரமாபாயிடம் கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு பரோடாவுக்குப் புறப்பட்டார். ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டும் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. எங்கே தங்குவது என்ற கேள்விக்குத்தான் விடை இல்லை.

பரோடாவின் இந்து விடுதிகள் அவரை ஏற்கமாட்டா என்பது இரயிலை விட்டு இறங்கும்போதே தெரிந்திருந்தது. சாதியை மறைத்து அங்கே நுழையலாம். கண்டுபிடிக்கப்பட்டால் நேரக்கூடியதையும் அவர் அறிவார். அமெரிக்காவில் பழகிய நண்பர்கள் சிலர் அந்நகரில் இருந்தனர். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் சங்கடப்படுவதைக் காண அவர் விரும்பவில்லை. பார்சிகளின் சமயத்தில் தீண்டாமை இல்லை என்ற எண்ணத்தில் குதிரை வண்டியைப் பார்சி விடுதியொன்றுக்குச் செலுத்தச் சொன்னார். பார்சி அல்லாதார் அங்கே தங்க முடியாது என்பதை விடுதிக் காப்பாளர் வாயிலாகவே அறிந்தார். ஆள் வராத விடுதிக்கு வருமானம் வேண்டியிருந்தது. அம்பேத்கருக்கு ஒரு கூரை வேண்டியிருந்தது. பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்வது என்று இருவரும் உடன்பட்டனர்.

உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகமொன்றில் சொந்தப் பெயரில் ஆய்வேடு அளித்தவர், சொந்த நாட்டில் உறங்க இடம் வேண்டிப் பிறர் பெயரில் ஒளிந்துகொள்ள நேர்ந்தது. மாடியில் ஒரு சிறு அறை; அதையொட்டி உடைந்த நாற்காலிகளும் பலகைகளும் குவிந்து கிடந்த பெரிய கூடம். மின்விளக்கு இல்லை. இரவில் ஓர் அரிக்கேன் விளக்கின் மங்கிய ஒளி. இருளில் பறந்து திரியும் வௌவால்கள். பேச்சுத் துணைக்கு ஒருவரும் இல்லை. இருந்தும் அந்த இடத்தை இழந்துவிடக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். படிப்பதொன்றே அவருக்குத் துணையாக இருந்தது.

அலுவலகத்தின் நிலை இதைவிட மேலானதாக இல்லை. மன்னர் அவரை நிதித்துறைக்குத் தயார்ப்படுத்த எண்ணியிருந்தார். தலைமைக் கணக்கு அலுவலகத்திலோ கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைக் கையில் தராமல் மேசைமீது வீசினர். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. சாயாஜிராவ் தம் ஆட்சிப் பகுதியில் 1906இலேயே கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தவர். ஒடுக்கப்பட்டோரின் கல்வியில் உண்மையான அக்கறை கொண்டவர். அந்த மன்னரின் ஆணை ஓர் இளைஞரைக் கடல் கடந்து அனுப்பவும், திரும்பியதும் பதவி தரவும் வலிமை பெற்றிருந்தது. அதே ஆணையால் அவருக்கு ஒரு குவளைத் தண்ணீரைப் பெற்றுத் தர இயலவில்லை. அரசு குடியிருப்பு ஒன்றை ஒதுக்குமாறு அம்பேத்கர் திவானிடம் விண்ணப்பித்தார். விண்ணப்பம் நிலுவையிலேயே கிடந்தது. மேலிருந்து வரும் நல்லெண்ணம் நிர்வாகத்தின் கீழ்ப்படிகளை அடைவதற்குள் சாதி அதை எப்படி விழுங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பதினோராம் நாள் காலை. அவர் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தபோது படிகளில் பலருடைய காலடியோசை கேட்டது. ஏறத்தாழ ஒரு டஜன் பார்சிகள், ஆளுக்கொரு தடியுடன், அறை வாசலில் வரிசையாக நின்றனர். விடுதியைத் தீட்டாக்கிவிட்டதாகக் குற்றஞ்சாட்டினர். இன்னும் ஒரு வார காலம் தங்க அனுமதி கேட்டார், மறுத்தனர். மாலைக்குள் வெளியேறாவிட்டால் விளைவு கடுமையாக இருக்கும் என்று மிரட்டிவிட்டுச் சென்றனர். அவர்கள் போன பின்னர் அறைக்குள் தனியே அழுதார்.

பிறகு இரு நண்பர்களை நாடினார். ஒருவர் இந்து, மற்றவர் இந்தியக் கிறித்தவர். இந்து நண்பர், அவரை வீட்டில் வைத்துக்கொண்டால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறித்தவரோ மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். அந்த இணையர் பிராமணக் குடும்பங்களிலிருந்து மதம் மாறியவர்கள் என்பதும், அந்த மனைவி பழைய ஆசாரங்களைக் கைவிடவில்லை என்பதும் அம்பேத்கருக்குத் தெரியும். இருவரிடமும் பகைமை இல்லை. இருவரும் கதவைத் திறக்கவும் இல்லை. இந்துக்களுக்குத் தீண்டத்தகாதவராக இருப்பவர் பார்சிக்கும் கிறித்தவருக்கும் அவ்வாறே ஆகிவிடுகிறார் என்ற உண்மையை ஒரே நாளில் அந்நகரம் அவருக்கு உணர்த்தியது.

பம்பாய் இரயில் இரவு 9 மணிக்குத்தான். அதுவரை பொழுதைக் கழிக்க அவருக்கு வாய்த்த இடம் காமாட்டி பாக் என்ற பொதுப் பூங்கா. அங்கே அமர்ந்து தாய் தந்தையரை நினைத்துக்கொண்டிருந்தார். இரவு 8 மணியளவில் விடுதிக்குச் சென்று உடைமைகளை எடுத்து வந்தபோது காப்பாளரும் வெளியே வந்தார். அவராலும் பேச முடியவில்லை; இவராலும் பேச முடியவில்லை. இன்று அந்தப் பூங்காவில் அவர் அமர்ந்திருந்த இடத்தை அம்பேத்கரியர்கள் சங்கல்ப பூமி என அழைக்கின்றனர். செப்டம்பர் மாதத்தில் அங்கே கூடுகின்றனர்.

பம்பாயிலும் நிலைமை மாறிவிடவில்லை. மாணவர்களுக்குத் தனிப்பாடம் எடுத்தார். பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் தொழிலைத் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினர். 1918 நவம்பரில் சைடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். அங்கும் ஆசிரியர்களுக்கான பானையிலிருந்து அவர் தண்ணீர் எடுப்பதற்குச் சக ஆசிரியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

1919 சனவரியில் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியமளித்து, ஒடுக்கப்பட்டோருக்கு வாக்குரிமையும் தனிப் பிரதிநிதித்துவமும் கோரினார். 1920 சனவரியில் மூக்நாயக் இதழைத் தொடங்கினார். திறமையால் ஒருவர் மட்டும் மேலேறுவது விடுதலையாகாது என்பதைத் தம் உடலாலேயே அறிந்தவரின் கோரிக்கைகளாகவே இவற்றை நாம் படிக்கிறோம்.

பாதியில் நின்ற படிப்பை அவர் கைவிடவில்லை. சேமிப்பும், கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவியும், நவல் பதேனா கடனாகத் தந்த 5000 ரூபாயும் சேர்ந்து 1920இல் அவரை மீண்டும் இலண்டனுக்கு அனுப்பின. தடியுடன் வந்து நின்றவர்களும் பார்சிகள். கடன் தந்து கல்வியை மீட்டவரும் பார்சி. தனிமனிதர்களின் அன்பு சாதிய அமைப்பை மாற்றுவதில்லை. ஆனால் அமைப்பை எதிர்ப்போருக்கு அந்த அன்பு தேவைப்படுகிறது.

1923இல் வழக்கறிஞர் தகுதியுடன் இரண்டாம் முறை திரும்பினார். இம்முறை எந்த மன்னரின் பணிக்கும் செல்லவில்லை. 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அந்தச் சபையின் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று, 1925இல் சோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான விடுதியைத் திறந்தது. தங்க இடமின்றித் துரத்தப்பட்டவர் முதலில் கட்டியெழுப்ப முனைந்தவற்றுள் தங்குமிடமும் ஒன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1927இல் மகாத்தில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியபோது, பரோடா அலுவலகத்திலும் சைடன்ஹாமிலும் மறுக்கப்பட்ட தண்ணீர் பல்லாயிரம் மக்களின் உரிமைக் கோரிக்கையாக உருவெடுத்தது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது ஒடுக்கப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கு மத்திய அரசே நிதி ஒதுக்க வேண்டும் என வலியுறுத்தினார். 1944இல் பட்டியலின மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை நடைமுறைக்கு வந்தது.

பரோடா நாட்களைப் பற்றிய அவருடைய குறிப்புகள் மறைவுக்குப் பின், விசாவுக்காகக் காத்திருப்பதைக் குறிக்கும் தலைப்போடு நூலாயின. அயல்நாட்டார் ஒரு நாட்டுக்குள் நுழைய வேண்டுவது விசா. நியூயார்க்கிலும் இலண்டனிலும் அறை பெற்றவருக்குச் சொந்த நாட்டின் ஒரு நகரத்தில் அது கிடைக்கவில்லை.

இன்று உதவித்தொகையில் அயல்நாடு செல்லும் தலித் மாணவர்களும், பெருநகரப் பல்கலைக்கழகங்களிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்புவோரும், வாடகை வீடு தேடிச் சாதியை விசாரிக்கும் உரிமையாளர் முன் நிற்போரும் இந்த வரலாற்றில் தங்களைக் காண்பார்கள். கல்வி உதவித்தொகைக்காகப் போராடும் நாம், அதே உறுதியோடு விடுதிக்காகவும், வாடகைக் குடியிருப்பில் சாதியப் பாகுபாட்டைத் தண்டிக்கும் சட்டத்திற்காகவும், பணியிடத்தில் மாண்புக்காகவும் போராட வேண்டியுள்ளது. ஒருவரைப் படிக்க அனுப்புவதோடு சமூகத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. அவர் தம் சொந்தப் பெயரோடு திரும்பி வந்து தங்குவதற்கு ஒரு வீடும், குடிக்க ஒரு குவளைத் தண்ணீரும் உறுதியாகும்வரை அந்தக் கடமை தொடர்கிறது.