சுடா சோகிச்சி

சுடா சோகிச்சி (அக்டோபர் 3, 1873 - டிசம்பர் 4, 1961) ஜப்பானிய வரலாற்றாளரும் சிந்தனை வரலாற்று ஆய்வாளரும் ஆவார். ஜப்பானின் தொன்ம நூல்களையும் சீனத் தாவோயிய, கன்பூசிய நூல்களையும் ஒரே வகையான மூலபாட ஆய்வுக்கு உட்படுத்தியவர். ஜப்பானில் தாவோயியம் தனித்துறையாக வளர்வதற்கு முன்னரே அதனை ஆய்ந்தவர்களுள் ஒருவர்.

வாழ்க்கைச் சுருக்கம்

சுடா, கிஃபு மாகாணத்தில் இன்றைய மினோகாமோ நகரப் பகுதியில் பிறந்தார். பின்னாளில் வசேதா பல்கலைக்கழகமாக வளர்ந்த தோக்கியோ செம்மோன் கக்கோவில் பயின்று 1891 இல் தேறினார். சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1908 இல் தென் மஞ்சூரியத் தொடர்வண்டி நிறுவனத்தின் வரலாற்று ஆய்வுப் பிரிவில் ஷிராதோரி குராகிச்சியின் கீழ்ப் பணியில் சேர்ந்தார். 1918 இல் வசேதாவில் விரிவுரையாளராகவும் 1920 இல் பேராசிரியராகவும் ஆனார்.

தாவோயிய ஆய்வுகள்

1920 இல் வெளியான கட்டுரையொன்றில், ஜப்பானியப் பேரரசரைக் குறிக்கும் தென்னோ என்னும் பட்டம் தாவோயியத் தொடர்புடைய சீன நூல்களிலிருந்து பெறப்பட்டது என்று காட்டினார். 1924 இல் சாவாமை பெற்ற சித்தர்கள் பற்றிய சீன நம்பிக்கைகளை ஆராய்ந்தார்.

தாவோயியச் சிந்தனையும் அதன் வளர்ச்சியும் பற்றிய இவரது பெருநூல் 1927 இல் வெளிவந்தது. லாவோ சீ, கன்பூசியசுக்கு மூத்தவர் என்பது மரபு வழக்கு. சுடா இதனை ஏற்கவில்லை. தாவோ தே சிங், அன்புடைமை, நேர்மை ஆகிய இரண்டையும் இணைத்தே மறுக்கிறது. இவ்விணைப்பு மென்சியசிடமே முதன்மை பெறுகிறது. எனவே நூல் மென்சியசுக்குப் பிற்பட்டது என்பது இவரது வாதமாகும்.

வழக்கும் தண்டனையும்

இதே முறையை சுடா, கோஜிகி, நிஹோன் ஷோகி ஆகிய நூல்களுக்கும் கையாண்டார். முதற் பேரரசர் ஜிம்மு முதல் பதினான்காம் பேரரசர் சுவாய் வரையிலான செய்திகளை வரலாறாகக் கொள்ள இயலாது என்றார். 1940, ஜிம்மு அரியணை ஏறியதன் 2600 ஆம் ஆண்டாக அரசால் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டிலேயே இவர் பேராசிரியர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. இவரது நான்கு நூல்கள் தடை செய்யப்பட்டன. அரச குடும்பத்தின் மாண்பைக் குலைத்ததாக இவர் மீதும் பதிப்பாளர் இவானாமி ஷிகேயோ மீதும் வழக்குத் தொடரப்பட்டது. 1942 இல் சுடாவுக்கு மூன்று மாதமும் இவானாமிக்கு இரண்டு மாதமும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, நிறுத்தி வைக்கப்பட்டது. மேல்முறையீட்டில் இருந்த வழக்கு, காலவரம்பு கடந்ததால் 1944 இல் முடிவுக்கு வந்தது.

பிற்காலம்

போருக்குப் பின்னர் சுடாவின் தொன்ம ஆய்வு பரவலாக ஏற்கப்பட்டது. எனினும் இவர் முடியாட்சியின் எதிர்ப்பாளர் அல்லர். 1946 இல் எழுதிய கட்டுரையில் பேரரசர் அமைப்பு நிலைத்திருக்க வேண்டும் என்று வாதிட்டது, இவரை முற்போக்கு அணியினராகக் கருதியவர்களை வியப்பில் ஆழ்த்தியது. 1949 இல் பண்பாட்டு விருது பெற்றார்.

மதிப்பீடு

1950 இல் ஜப்பான் தாவோயிய ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. அதன் பின்னர் இத்துறை சடங்குகள், நாட்டார் வழிபாடு, தாவோயியத் திருமுறைத் தொகுப்பு ஆகியவற்றுக்கும் விரிந்தது. 1993 இல் சீனாவின் குவோதியனில், ஏறத்தாழ கி.மு. 300 ஐச் சேர்ந்த கல்லறையிலிருந்து தாவோ தே சிங்கின் பகுதிகள் மூங்கில் ஏடுகளில் கிடைத்தன. இதனால் சுடாவின் காலக்கணிப்பை அப்படியே ஏற்பது கடினமாயிற்று. ஆயினும், அன்புடைமையையும் நேர்மையையும் கைவிடச் சொல்லும் 19 ஆம் இயலின் தொடர் அவ்வேடுகளில் வேறு சொற்களில் அமைந்துள்ளது. நூல் படிப்படியாக உருவானது என்னும் கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.