ஓர் அணுவுக்கு இடமில்லாத இடம்: ஜி.என். இராமச்சந்திரன்

நிந்தவூரிலிருந்தும் கல்முனையிலிருந்தும் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளர் பலரின் கைகளில் இரண்டு ஆவணங்களைக் காணலாம். ஒன்று சி.ரி. ஸ்கேன் படம், மற்றது இழையப் பரிசோதனை அறிக்கை. நோயின் பெயரை உரத்துச் சொல்லவே தயங்கும் நமது ஊர்களில், உடலினுள் உண்மையில் என்ன நேர்ந்தது என்பதை விளக்கிச் சொல்வார் அரிது. அந்தப் படத்துக்கும் அந்த விளக்கத்துக்கும் ஒருசேரக் கடன்பட வேண்டிய தமிழர் ஒருவர் உண்டு. அவர் வைத்தியர் அல்லர். புற்றுநோயை ஆராய்ந்தவரும் அல்லர்.

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் திகதி எர்ணாகுளத்தில் பிறந்தார். முன்னோர் திருநெல்வேலிச் சீமையினர். தந்தை கணித ஆசிரியர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகவியல் பயின்று, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின் பொறியியலுக்குச் சேர்ந்தவரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டவர் சேர் சி.வி. இராமன். கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1952இல், முப்பது வயதை எட்டும் முன்னரே, சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறைத் தலைவரானார். இராமனின் பரிந்துரையும், உபவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியாரின் துணிவும் அதற்குக் காரணங்களாகும்.

சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் எனும் புரதத்தின் வடிவம் இன்னும் தெரியவில்லை என்று சுட்டிக்காட்டினார். தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் நிறைந்திருப்பது அது. கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, அது மூன்று இழைகள் முறுக்கிய வடம் என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் இராமச்சந்திரன் அறிவித்தார். அவ்வடத்தின் ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசீன் எனும் அமினோ அமிலமே நிற்கின்றது. எல்லாவற்றிலும் சிறியது அது. பக்கக் கிளையாக அதற்கு இருப்பது ஒரேயோர் ஐதரசன் அணு. வடத்தின் நடுவே வேறெதற்கும் இடமில்லை.

புகழ்பெற்ற கிரிக்கும் ரிச்சும், இந்த மாதிரியில் சில அணுக்கள் மிக நெருங்கி நிற்பதாகக் குறை கூறித் தம் மாதிரியை வெளியிட்டனர். மேலைநாட்டுப் பாடநூல்கள் பலவும் அவர்கள் பக்கமே சாய்ந்தன. சென்னையில் பிறந்த ஆய்வு என்பதும் அதற்கு ஒரு காரணமாயிருந்திருக்கலாம். இராமச்சந்திரனோ மனம் சோர்ந்து ஒதுங்காமல், இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்ற கேள்வியையே கையிலெடுத்தார். புரதம் என்பது தஸ்பீஹ் மணிகளைப் போலக் கோக்கப்பட்ட அமினோ அமிலங்களின் சரம். ஒவ்வொரு மணியும் இரண்டு கோணங்களில் திரும்ப வல்லது. அக்கோணங்களுள் எவை அணுக்கள் மோதாமல் அமையும், எவை அமையா என்று கணக்கிட்டு, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்டதே இராமச்சந்திரன் வரைபடம். அனுமதிக்கப்பட்ட பரப்பு வியக்கத்தக்க அளவு சிறியது. கிளைசீனுக்கு மட்டும் அது அகன்று விரிந்தது. புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவம் எதுவும் சரியானதா என்று இன்றும் இவ்வரைபடத்தில் வைத்தே சோதிக்கின்றனர்.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். கலம் பெருக வேண்டுமா, வேண்டாமா என்ற கட்டளையைக் கடத்தும் புரதங்களுள் ஒன்று ராஸ். வயலுக்கு நீர் விடும் வாய்க்கால் கதவைப் போன்றது அது. திறக்கும், வேலை முடிந்ததும் மூடும். அதன் 12ஆவது இடத்தில் நிற்பதும் கிளைசீனே. 1982இல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க் கலங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வுகூடங்கள், பரம்பரை அலகில் ஓரெழுத்து மாறியதால் அங்கே கிளைசீனுக்குப் பதிலாக வலீன் வந்திருப்பதைக் கண்டன. இந்தியாவில் பிறந்த பிரேம்குமார் ரெட்டியும் அவ்வாய்வாளருள் ஒருவர். புதிதாக வந்த அந்தப் பெரிய அமிலத்தின் கிளை, கதவை மூட வரும் துணைப் புரதத்துக்கு இடையூறாக நிற்கின்றது. கதவு மூடுவதில்லை, கலம் பெருகிக்கொண்டே போகின்றது. கொலாஜனில் கிளைசீன் மாறினால் எலும்பு நொறுங்கும் நோய். ராஸில் மாறினால் கணையத்திலும் பெருங்குடலிலும் நுரையீரலிலும் புற்று. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: இடமில்லாத இடத்தில் அணுக்கள் வந்து அமர்கின்றன.

ஸ்கேன் படத்தின் கதை தனி. பல கோணங்களிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களைக் கொண்டு உள்ளுறுப்பின் உருவத்தை விரைந்து மீட்டெடுக்கும் கணித முறையொன்றை 1971இல் இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அவர் வகுத்தார். ஸ்கேன் இயந்திரங்களின் வளர்ச்சியில் அம்முறைக்குப் பெரும் பங்குண்டு. 1979ஆம் ஆண்டு நோபல் பரிசு கோர்மக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கிடைத்தது, அதில் தவறில்லை. ஆயினும் கொலாஜனுக்கோ வரைபடத்துக்கோகூட அப்பரிசு இராமச்சந்திரனை வந்தடையவில்லை என்பதும், அவரது தாய்நாடு ஒரு பத்ம விருதேனும் வழங்கவில்லை என்பதும் நெஞ்சை உறுத்துகின்றன. 1977இல் லண்டன் றோயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக்கியது.

இறுதிக் காலம் துயரமானது. நடுக்குவாத நோய் உடலை முடக்கியது. 1998இல் மனைவி இராஜலட்சுமி காலமானார். 2001 ஏப்ரல் 7ஆம் திகதி சென்னையில் அவர் உயிர் நீத்தார். இருபது ஆண்டுகளின் பின்னர், ராஸின் 12ஆவது இடத்தில் கிளைசீனுக்குப் பதிலாகச் சிஸ்டீன் அமர்ந்த நுரையீரல் புற்றுநோய்க்கென, அந்தச் சிஸ்டீனையே பற்றிப் பிணைக்கும் சொட்டோரசிப் எனும் முதல் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி வழங்கியது.