பேராசிரியர் சக்கரவர்த்தி நயினார்

நயினார் எனும் பெயரைத் தமிழ்ச் சமணரும் தாங்குவர், முஸ்லிம்களும் தாங்குவர். வெள்ளிமலையில் ஆசிரியப் பணியாற்றிய நாளில் இதனை விளக்கியே நாம் ஓய்ந்ததுண்டு! சென்னைப் பல்கலைக்கழகத்து அரபு அறிஞர் முகம்மது உசைன் நயினார் ஒருவர். மற்றொருவர் அ. சக்கரவர்த்தி நயினார் (1880–1960).

இவர் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தார். குடந்தை அரசுக் கல்லூரி முதல்வராகவும் விளங்கினார். குந்தகுந்தாசாரியரின் பஞ்சாஸ்திகாயம், சமயசாரம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

எனினும், 1936இல் நீலகேசியைச் சமயதிவாகர உரையுடன் பதிப்பித்ததே இவர்தம் பெரும்பணி என்போம். பௌத்த நூலாகிய குண்டலகேசியை மறுக்க எழுந்தது நீலகேசி. காலப்போக்கில் குண்டலகேசி மறைந்தொழிந்தது. அதன் செய்யுட்கள் சிலவற்றை நமக்குக் காத்துத் தந்தது, மறுத்த நூலின் அவ்வுரையே.